பெட்டிக்குள் ஒரு காற்றுவழி



சித்தூரிலும் திருப்பதியிலும் சித்திரை பிறந்துவிட்டால், பிற்பகலில் வீட்டாரின் பேச்சு ஒரே பொருளைச் சுற்றி நிகழும். அப்பொருள் காற்று. 'இலை அசையவில்லையே' என்பார் ஒருவர். 'அந்தப் பின்கதவைத் திறந்து வை' என்பார் மற்றொருவர். நம் முன்னோர் கட்டிய வீடுகளில் வாசற்கதவுக்கு நேராகக் கொல்லைக் கதவு இருக்கும். இடையே முற்றம் இருக்கும். தெருவில் நின்று நோக்கினால் கொல்லையிலுள்ள கிணற்றடி தெரியும். இது காட்சிக்காகச் செய்த ஏற்பாடன்று. காற்றுக்கு நுழையும் வழி ஒன்று வேண்டும். வெளியேறும் வழி ஒன்று வேண்டும். இரண்டில் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்றால் பயனில்லை. இவ்வுண்மையை அவர்கள் நூலில் படித்து அறியவில்லை. வெயிலில் வாழ்ந்து அறிந்தார்கள்.

அதே உண்மை ஒரு முழ உயரமுள்ள சிறு பெட்டிக்கும் பொருந்தும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி. அந்தப் பெட்டி, கணினியின் உறுப்புகளை அடக்கி வைக்கும் பெட்டி. கடைக்காரர் அதனைக் 'கேபினெட்' என்பார். வீட்டில் பலரும் அதனைச் 'சி.பி.யூ.' என்றே வழங்குவர். பெயர் எதுவாயினும் ஆகுக. அதனை வாங்கும்போது பெரும்பாலோர் அதன் நிறத்தையும் விளக்குகளையும் பார்க்கிறார்களே அன்றி, அது எப்படி மூச்சு விடும் என்று கேட்பதில்லை. நாமும் கேட்கவில்லை. கேளாமையின் பயனை நம் இல்லத்திலேயே கண்டோம். ஆதலால் அதையே முதலிற் சொல்லிவிடுகிறோம்.

நம் மகள் கட்டட வரைபடம் வரையும் தொழிலில் இருக்கிறாள். திருப்பதியில் கட்டப்படும் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் படம் வரைந்து, அவை கட்டி முடிந்தால் எவ்வாறு தோன்றும் என்பதையும் கணினியிலேயே உருவாக்கிக் கொடுப்பது அவள் வேலை. சித்தூரில் வீட்டிலிருந்தபடியே செய்வதற்கு ஏற்ற வேலை. அதற்கென்று வலிமையான கணினி ஒன்று வேண்டியிருந்தது. பெங்களூரில் வாழும் நம் தமக்கையின் மகன், தன்னிடமுள்ளதைப் போன்ற பெட்டியையே பரிந்துரைத்தான். 'மாமா, இதில் எனக்கு ஒரு நாளும் தொல்லை வந்ததில்லை' என்று அவன் சொன்னது பொய்யன்று. முன்புறம் முழுவதும் கண்ணாடி; உள்ளே வண்ண விளக்குகள்; பார்ப்பதற்குக் கொலு வைத்தாற்போல் இருந்தது. தையின் குளிர்ச்சியில் வாங்கினோம். மாசி, பங்குனி வரை நன்றாகவே உழைத்தது.

சித்திரையில் தொல்லை தொடங்கியது. பிற்பகல் இரண்டு மணி அளவில், ஒரு பெரிய படம் முக்கால் பங்கு உருவாகியிருக்கும்போது, கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வாரத்தில் நான்கு முறை இவ்வாறு நேர்ந்தது. மாலைக்குள் தருவதாகச் சொன்ன படம் மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தது. 'இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்' என்று வேலை கொடுத்தவர் சொல்லிவிட்டார். பழுது பார்க்க வந்த கடைக்காரர் ஒருவர், செயலி கெட்டுவிட்டது, புதிது போட வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன தொகை, மகளின் இரண்டு மாத வருவாய். கொடுத்துவிடவே எண்ணியிருந்தோம். நல்லவேளையாக, கொடுப்பதற்கு முன் ஒரு நாள் பொறுத்தோம்.

அந்த ஒரு நாளில் நாம் கற்றது யாது? கணினி உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறிவிடுகிறது என்பது முதற் பாடம். கடும் வேலையில் ஒரு கணினி 300 வாட் மின்சாரம் கொள்ளுமானால், அது 300 வாட் வெப்பத்தை அறையில் கொட்டுகிறது. பழைய நூறு வாட் குண்டு விளக்கு மூன்றை ஒரு பெட்டிக்குள் ஏற்றி மூடி வைத்தாற்போல் என்று நினைத்துக்கொள்ளலாம். இவ்வெப்பத்தைச் சுமந்து செல்லும் கூலியாள் காற்று ஒன்றே. உள்ளே நுழையும் காற்றைவிட வெளியே வரும் காற்று பத்துப் பாகைக்கு மேல் சூடேறாமல் இருக்க வேண்டுமானால், 300 வாட்டுக்கு நொடி ஒன்றுக்கு ஏறக்குறைய 25 லிட்டர் காற்று பெட்டியின் ஊடே செல்ல வேண்டும். குளியலறையில் இருக்கும் பெரிய வாளி நிறையக் காற்று நொடிதோறும் உள்ளே போய் வெளியே வரவேண்டும் என்பது பொருள். விசிறி விற்பவர்கள் இதனை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று அட்டையில் அச்சிடுவார்கள். நாம் சொன்ன அளவு அக்கணக்கில் ஏறத்தாழ 53 கன அடி. அட்டையில் காணும் எண்ணோ, விசிறி தடையின்றி வெட்டவெளியில் சுழலும்போது தள்ளும் காற்றின் அளவு. வலையும் வடிகட்டியும் கம்பிகளும் குறுக்கே நிற்கும்போது அந்த அளவு வெகுவாகக் குறையும்.

இரண்டாவது பாடம் ஊரைப் பற்றியது. விசிறியால் குளிர்விக்கப்படும் எந்தப் பொருளும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்காது. நீரால் குளிர்விக்கும் அமைப்பும் இதற்கு விலக்கன்று. அங்கும் முடிவில் அறைக் காற்றே வெப்பத்தை ஏற்கிறது. ஆகவே செயலியின் வெப்பம் என்பது அறையின் வெப்பமும், அதற்கு மேல் கணினி ஏற்றும் வெப்பமும் கூடிய தொகை. பெங்களூரில் அறை 26 பாகையில் இருக்கிறது, கணினி அறுபது பாகை ஏற்றுகிறது, மொத்தம் 86. சித்தூரில் சித்திரைப் பிற்பகலில் மேல்மாடி அறை 38 பாகையில் இருக்கிறது, அதே கணினி அதே அறுபதை ஏற்றுகிறது, மொத்தம் 98. இக்காலத்துச் செயலிகள் பலவும் 95 முதல் 100 பாகையை எட்டும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதற்கு மேலும் ஏறினால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகின்றன. கெட்டுப் போனதால் அணையவில்லை. கெட்டுப் போகாதிருக்கவே அணைந்தது. தமக்கை மகன் சொன்னதும் மெய். நம் மகள் பட்ட தொல்லையும் மெய். இடையிலிருந்த பன்னிரண்டு பாகையைத்தான் எவரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இச்செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நாம் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். சித்தூர்க்காரர்கள் சிலரோ ஊர் மாறாமலே மாநிலம் மாறியவர்கள். 1953-இல் சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி பிரிந்து சென்னை மாநிலத்துக்குச் சென்றது. எல்லைக் கோடு நகர்ந்ததே அன்றி வெயில் நகரவில்லை. எங்கே வாழ்ந்தாலும் உறவினர் சொல்லைக் கேட்டுப் பொருள் வாங்குவது நம் வழக்கம். நல்ல வழக்கமே. ஆயினும் தில்லியின் வறண்ட வெப்பமும், மும்பையின் கடற்காற்றும், பெங்களூரின் மென்குளிரும் ஒன்றல்ல. ஓரூரில் நற்சான்று பெற்ற பெட்டி மற்றோரூரில் தோற்கலாம்.

இனிப் பெட்டியைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவோம். காற்று நன்கு புகும் பெட்டியின் முகம் துளைகளால் ஆனது. நுண்ணிய துளையிட்ட தகடோ கம்பிவலையோ முன்புறம் முழுவதும் பரவியிருக்கும். முகம் கண்ணாடியாலோ முழுத் தகட்டாலோ மூடப்பட்ட பெட்டிகளில், பக்கவாட்டில் ஒரு சிறு இடுக்கு விட்டிருப்பார்கள். அந்த இடுக்கு போதுமா என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றின் வட்டம் ஏறத்தாழ 113 சதுர சென்டிமீட்டர். மூன்று விசிறிகளுக்கு 340. இரு பக்கமும் நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அகல இடுக்கு இருந்தால் மொத்தம் எண்பதே. நான்கு பேர் நுழைய வேண்டிய வாசலில் ஒருவர் மட்டும் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து வைத்ததற்கு இது ஒப்பாகும். விசிறியை மூன்றாக்கினாலும் ஆறாக்கினாலும் இடுக்கு அகலப் போவதில்லை.

முகத்தின் சிறப்பை உற்பத்தியாளர்களும் உணராமல் இல்லை. கோர்செயர் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 4000டி என்னும் பெட்டி இதற்கு நல்ல சான்று. ஒரே எலும்புக்கூட்டை மூன்று முகங்களோடு விற்றார்கள்: ஒன்றுக்கு முழுத் தகடு, ஒன்றுக்குத் துளைத் தகடு, ஒன்றுக்குக் கண்ணாடி. துளைத் தகடு போட்டதற்கு மட்டும் 'ஏர்ஃப்ளோ' என்று பெயரிட்டார்கள். காற்றோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். உள்ளுறுப்புகள் அமரும் இடமெல்லாம் ஒன்றே. வேறுபாடு முகத்தில் மட்டும்.

கடையில் நின்றபடியே இதனைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. முன்தகட்டைக் கழற்றித் தரச் சொல்லி விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாகத் தெரிய வேண்டும். பின்னர் வாயை அருகே வைத்து ஊதிப் பாருங்கள். மறுபுறம் வைத்த கையில் மூச்சு பட வேண்டும். வெளிச்சமும் மூச்சும் புகாத இடத்தில் காற்றும் புகாது. அடுத்து, முன்புறத்தில் மூன்று விசிறிகளுக்கும் பின்புறத்தில் ஒன்றுக்கும் இடம் உள்ளதா, தூசி வடிகட்டியை எளிதாக உருவி எடுக்க முடியுமா, எஸ்.எம்.பி.எஸ். அமரும் அடிப்புறத்தில் வலையும், தரையிலிருந்து விரல் உயரத்துக்குக் குறையாத கால்களும் உள்ளனவா, கம்பிகளை மதர்போர்டுக்குப் பின்னே மறைத்துக் கட்ட இடைவெளி உள்ளதா என்று பாருங்கள். விளக்குகளைப் பற்றிக் கடைசியில் கேட்கலாம்.

விசிறிகளை அமைக்கும் முறைக்கு நம் மாவட்டத்து உவமை ஒன்றே போதும். சித்தூர் வெல்லத்துக்குப் பேர்போன ஊர். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சும் அடுப்பைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: ஒரு புறம் சக்கையைத் தள்ளும் வாய், மறு புறம் புகைபோக்கி. வாய் வழியே புகும் காற்று தீயைத் தொட்டு, கொப்பரையின் அடியைத் தழுவி, புகைபோக்கி வழியே ஏறிப் போகிறது. வழியில் ஓரிடத்திலும் அது திரும்பி வருவதில்லை. கணினிப் பெட்டியிலும் அவ்வாறே ஒரு திசை வேண்டும். முன்புறத்து விசிறிகள் அறைக் காற்றை உள்ளே இழுக்கட்டும். அக்காற்று கிராபிக்ஸ் கார்டையும் செயலியையும் தொட்டுச் செல்லட்டும். பின்புறத்து விசிறி அதனை வெளியே தள்ளட்டும். சூடான காற்று மேலெழும் என்பது உண்மையே. ஆயினும் இவ்வளவு சிறிய பெட்டியில் அந்த இயல்பான எழுச்சி மிக மெல்லியது. விசிறியின் வலிமையே திசையை முடிவு செய்யும். 

விசிறியின் எந்தப் பக்கம் காற்றை இழுக்கும், எந்தப் பக்கம் தள்ளும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான விசிறிகளில், இறகுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கமே காற்று வெளிவரும் பக்கம். சிலவற்றின் விளிம்பில் அம்புக்குறியும் இருக்கும். செயலியின் மேல் நிற்கும் கோபுரக் குளிர்விப்பானின் விசிறியும் பெட்டியின் விசிறிகளும் ஒரே திசையை நோக்க வேண்டும். ஒன்று கிழக்கே தள்ள மற்றொன்று மேற்கே தள்ளினால் வெப்பம் நடுவில் தங்கிவிடும். பெட்டியின் கூரையில் விசிறி வைக்க விரும்பினால், பின்மூலையில் வையுங்கள். முன்மூலையில் வைத்தால், செயலியை அடையுமுன்பே புதுக் காற்றை அது பறித்து வெளியே எறிந்துவிடும். 

உள்ளே வரும் காற்று, வெளியே தள்ளப்படும் காற்றைவிடச் சற்று மிகுந்திருப்பது நல்லது. அப்போது பெட்டிக்குள் அழுத்தம் சிறிது கூடுதலாகும்; சந்துகள் வழியே காற்று வெளியேறுமே அன்றி உட்புகாது. உட்புகும் காற்று முழுவதும் வடிகட்டியைக் கடந்தே வரும். முன்னே மூன்று, பின்னே ஒன்று என்னும் அமைப்பு ஒரு குடும்பக் கணினிக்குப் போதுமானது. அதற்கு மேல் விசிறி சேர்க்கச் சேர்க்கப் பயன் குறைந்துகொண்டே போகும். ஓசை மட்டும் கூடும். விசிறியின் வேகத்தை இருமடங்காக்கினால் காற்று இருமடங்காகும். அதற்குத் தேவையான ஆற்றலோ எட்டு மடங்காகும். ஆதலால் சிறிய விசிறியை விரைந்து சுழற்றுவதினும் பெரிய விசிறியை மெல்லச் சுழற்றுவதே அறிவுடைமை.

பெட்டிக்கு வெளியேயும் காற்றுவழி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். நாம் செய்த பெரும் பிழை அதுவே. பெட்டியை மேசையின் அடியறைக்குள் வைத்துக் கதவையும் சாத்தியிருந்தோம். வெளியே தள்ளிய வெப்பக் காற்றையே அது மீண்டும் மீண்டும் உண்டுகொண்டிருந்தது. பெட்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். வெறுந்தரையில் வைத்தால் பெருக்கும் தூசி முழுவதும் அடிப்புறம் ஏறும். தரை துடைக்கும் ஈரமும் படும். சிறு பலகை மேல் வைப்பது நன்று. கோடையில் நீர் ஊற்றும் ஏர்கூலர் வைத்திருப்பவர்கள் அதன் ஈரக்காற்றை நேரே பெட்டியின் மீது திருப்ப வேண்டா. அறையின் வெப்பம் குறைந்தாலே போதும்.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. கருங்கல் அறுக்கும் பட்டறைகளும், ஓயாத கட்டட வேலைகளும், யாத்திரிகர்களின் வண்டிகளும் நிறைந்த வட்டாரம் இது. துளை முகம் காற்றைத் தரும். கூடவே தூசியையும் தரும். வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழற்றித் தட்டி, நீரில் அலசி, நன்கு உலர்த்தி மாட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, திண்ணைக்கு எடுத்துச் சென்று புளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது அளவு மீறிச் சுழன்றால் கெடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டா. மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். பின்புறத்துத் தகடுகளில் திறந்து கிடக்கும் துவாரங்களை அடைத்துவிடுங்கள். நம் வீட்டுப் பல்லிகளுக்கு வெதுவெதுப்பான இடம் மிகவும் பிடிக்கும்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில் காதங்கி என்றோர் ஊர் உண்டு. அங்கே தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில், 1,024 அலைவாங்கிகளை வரிசைக்கு முப்பத்திரண்டாக நட்டு, வானத்தில் வெகு உயரத்தில் காற்று எப்பக்கம் போகிறது என்பதை அளக்கிறார்கள். நம் பெட்டிக்குள் காற்று எப்பக்கம் போகிறது என்பதை அறிய ஓர் ஊதுபத்தி போதும். கொளுத்திய பத்தியை முன்முகத்தின் அருகே பிடித்தால் புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். பின்புறத்தில் பிடித்தால் வெளியே தள்ளப்பட வேண்டும். புகை தயங்கி நின்றால் வழி அடைபட்டிருக்கிறது என்று அறியலாம். சாம்பல் உள்ளே விழாதவாறு சற்று எட்டவே பிடித்துக்கொள்ளுங்கள்.

நாமும் அப்படித்தான் கண்டோம். கண்ணாடி முகத்தின் இடுக்கில் புகை தயங்கியது. முதலில் பெட்டியை மேசைக்குள்ளிருந்து வெளியே எடுத்தோம். ஐந்து பாகை குறைந்தது. பின்பு முகத்தையே கழற்றி வைத்தோம்; இன்னும் ஒன்பது பாகை குறைந்தது. இரண்டுக்கும் காசு செலவில்லை. அன்று பிற்பகல் வெயில் சிறிதும் தணியவில்லை; ஆயினும் கணினி அணையவில்லை. மாலை ஐந்து மணிக்குப் படம் முடிந்தது. மகள் எழுந்து வந்து, 'அப்பா, அனுப்பிவிட்டேன்' என்றாள். வேலை கொடுத்தவரிடமிருந்து அடுத்த வீட்டின் அளவுகள் மறுநாளே வந்தன.

முகமில்லாப் பெட்டியைத் தூசிக்கு நடுவே வைத்திருக்க முடியாதாகையால், துளை முகமுள்ள எளிய பெட்டி ஒன்றை வாங்கி உறுப்புகளை அதற்கு மாற்றினோம். புதுச் செயலிக்குக் கேட்ட தொகையில் அது ஒரு சிறு பங்கே. கண்ணாடிப் பெட்டியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஆடி மாதம் ஊருக்கு வந்த தமக்கை மகன் அதனைத் தன் நண்பனுக்கென்று பெங்களூருக்கே எடுத்துச் சென்றான். அங்கே அது நன்றாகவே உழைக்கிறதாம். பெட்டியின் மீது குற்றமில்லை. அது தனக்கேற்ற ஊரைச் சேர்ந்துவிட்டது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுக் கணினி கோடையில் தளர்ந்தால், புது உறுப்பு வாங்குமுன் அதன் வெப்பத்தைப் பாருங்கள். பெட்டியை வெளியே எடுத்து வையுங்கள். முன்வழியையும் பின்வழியையும் திறந்து விடுங்கள். பணத்தை எடுப்பது அதற்குப் பின் ஆகட்டும்.